இத்தாலிக்குக் கட்டிய கருவாடு

ஆலங்குடா
18.02.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி அலோசியசுக்கு,

அக்கா மார்த்தா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் அம்மாவும் நானும் சுகம். உனக்கும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்திருக்கிறேன். நான்கு முடிந்துவிட்டது.

உன் கடிதம் ஹஸன் நானாவின் ரயர் கடைக்கு வந்து, அவர் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஊர் வந்தபோது அவர் மனைவி ரிஃப்கா எடுத்து வந்து தந்தாள். இனிமேலும் அந்த மதுரங்குளி விலாசத்துக்கே போடு. எங்கள் தபால்காரன் சிறைச்சாலை முத்திரையைக் கண்டால் பொழுதுபட முன்னம் கடற்கரை முழுக்கக் கதை போய்விடும்.

ஏனென்றால் இங்கே நீ இத்தாலியில் இருக்கிறாய். முந்திய கடிதத்தில் இதை எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்குத் தீர்ப்பு வந்த கிழமை அம்மா ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார், "தம்பி எங்க? ஏன் போன் எடுக்கிறான் இல்ல?" என்று. என் வாயில் வந்தது இத்தாலி. நீர்கொழும்பில் உன்னோடு மீன் லொறி ஓட்டியவர்களில் பாதிப் பேர் போன இடம்தானே. விசா சரியில்லை, ஒளித்திருக்கிறான், போன் எடுக்கக்கூடாது என்று மற்றதையும் சேர்த்துக்கொண்டேன். நான் சொன்னது ஒரு பிடி, ஊர் அதை ஒரு பானையாக்கிவிட்டது.

உன் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். சில இடங்களைத் தாண்டிவிடுவேன். "இங்கே விடிய எழும்பக் குளிர்" என்று நீ எழுதியதை மட்டும் அப்படியே வாசித்தேன். "இத்தாலி குளிர்தானே, பாவம் பிள்ளை" என்று அம்மா தன் போர்வையைத் தடவினார்.

இதோடு உத்தரியம் ஒன்றும் செபப் படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். கழுத்திலிருந்து கழற்றாதே. மரியாள் உன்னைக் காப்பாளாக.

உன் அக்கா,
மார்த்தா

10.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவின் இடுப்பு வலி எப்படி? உங்களுக்குக் கால் வீங்குகிறதா இன்னும்?

படம் கிடைத்தது. உத்தரியத்தை வாசலிலேயே எடுத்துவிட்டார்கள். கயிறு என்பதால் உள்ளே விடமாட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சட்டம் அப்படி. வந்த நாளிலேயே செபமாலையையும் கழுத்துச் சுரூபத்தையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு உடுப்பில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. இப்போது அப்படி இல்லை. கையில் ஒன்றும் இல்லாததால் ஆண்டவரோடு சும்மா கதைக்கப் பழகிவிட்டேன்.

அவரோடு முதலில் கதைத்தது என்ன தெரியுமா? ஒரு பெயர். ஜயதிலக்க. நான் லொறியால் இடித்த மனிதர். கோட்டில் குற்றச்சாட்டை வாசித்தபோதுதான் பெயர் தெரிந்தது. குடித்திருந்தேன் என்பது வழக்கில் இருக்கிறது. கண்ணாடியில் அவருடைய சைக்கிள் சில்லு சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் நிற்காமல் போனேன் என்பது வழக்கில் இல்லை. மூன்றாம் நாள் பொலிசுக்குப் போனபோதும் அதைச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்னேன். ஒவ்வொரு விடியலும் சொல்கிறேன். அவர் இன்னும் என்னைப் போ என்று சொல்லவில்லை.

அக்கா, சனிக்கிழமைகளில் ஆட்களைப் பார்க்க விடுகிறார்கள். ஒருக்கா வாருங்கள்.

இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு எங்கள் கோவிலை நினைத்துப் பார்ப்பேன். எல்லோரும் அவரவர் இடத்தில் தெரிகிறார்கள், உங்களை மட்டும் காணவில்லை. நீங்கள் எந்த வாங்கில் உட்கார்ந்திருப்பீர்கள்?

அம்மாவுக்கு என் முத்தம்.

தம்பி,
அலோசி

ஆலங்குடா
02.04.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். இங்கு அனைவரும் நலம்.

பெரிய கிழமை முழுக்க எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பீடத் துணி பதினொன்றும் நானே தோய்த்துக் கஞ்சி போட்டேன். பெரிய வெள்ளிக்குப் பாடுபட்ட சுரூபத்துக்கு எண்ணெய் பூசி, வாங்கு எல்லாம் துடைத்து, உயிர்ப்புக்குப் பூ கட்டி முடிய என் முதுகு ஒடிந்துவிட்டது. செபக்குழுத் தலைவி என்ற பெயர் எனக்கு, வேலை செய்யவும் நான்தான். பங்குச் சுவாமி பூசை முடிவில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். பதின்மூன்று செவ்வாயில் பத்து முடிந்தது. முதல் வெள்ளியும் ஒன்பது பிடிக்கப் போகிறேன். எல்லாம் உனக்காகத்தான்.

அம்மா ரோமாபுரிச் செபமாலை ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தார். தலவிலைக் கோவிலுக்குப் போனபோது கடையில் ஒன்று எடுத்து வந்து, நீ அனுப்பியது என்று கொடுத்தேன். முத்தமிட்டு முத்தமிட்டு மணியின் சாயம் போகிறது.

பக்கத்து வீட்டுப் பவுலினா தன் மகனையும் இத்தாலிக்கு எடுப்பிக்கச் சொல்லி உன்னைக் கேட்கச் சொல்கிறாள். நுரைச்சோலையில் கிடைத்த வேலையை அவன் வேண்டாம் என்று விட்டுவிட்டானாம், உன் பதிலைப் பார்த்துக்கொண்டு. "பாப்பம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவை விட்டுவிட்டு என்னால் வர முடியாது. நீ செபத்தை விடாதே.

உன் அக்கா,
மார்த்தா

28.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் படும் பாட்டை வாசிக்க எனக்கு நோகிறது.

பவுலினா அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் வேலை போகிறது. என்னால் ஒருவர் கெட்டது போதும்.

பதின்மூன்று செவ்வாய், ஒன்பது வெள்ளி. இவ்வளவும் எனக்கு என்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை போதும், அக்கா. ஒன்றும் கொண்டு வர வேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தால் சரி, கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. ரிஃப்கா அம்மாவை ஒரு நாள் பார்த்துக்கொள்ள மாட்டாளா?

இதை எழுதும்போதே ஒரு நினைப்பு வருகிறது. உங்களிடம் நான் கேட்பதைத்தான் ஆண்டவரும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ? கோபிக்காதீர்கள். எந்த வாங்கு என்று கேட்டதற்கும் பதில் வரவில்லை.

தம்பி,
அலோசி

ஆலங்குடா
16.06.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலம் அறிய ஆவல். பதில் பிந்தியதற்குத் திருவிழா காரணம். நீ எழுதியதை வாசித்துக் கோபம் வந்தது என்பதும் உண்மை. கோவிலுக்குள்ளேயே கிடக்கிறவளுக்கு நீ உபதேசம் செய்கிறாய்.

இந்த முறை ஐந்தாம் நவநாளை உன் பெயரில் எடுத்தேன். ஒலிபெருக்கியில் மூப்பர், "இன்றைய நவநாளைச் சிறப்பிப்பவர்கள் இத்தாலியில் வசிக்கும் அலோசியஸ் குடும்பத்தார்" என்று மூன்று தரம் வாசித்தார். அம்மாவுக்குக் கண் மங்கினாலும் காது கூர்மை. படுக்கையில் இருந்தபடியே கை கூப்பினாராம், ரிஃப்கா சொன்னாள்.

இனிச் சொல்லப்போவதை வாசித்துவிட்டுச் சிரிக்காதே. காற்றுக் காலம் தொடங்கிவிட்டதல்லவா, கடலில் பட்டம் பிடித்துக்கொண்டு சறுக்கும் வெள்ளைக்காரர் வந்து நிறைந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் புருஷனும் திருநாள் பூசைக்கு வந்தார்கள். பூசை முடிய, பவுலினா அந்தப் பெண்ணைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வருகிறாள். "மார்த்தா, இவ இத்தாலி! அலோசிட ஊரக் கேளு!" பவுலினாவின் மகன் இங்கிலிஷில் கேட்டுச் சொல்கிறான். எந்தப் பட்டணம், எந்தத் தெரு, எந்தக் கோவிலுக்குப் போகிறான். நாப்போலி என்றேன். அவர்களும் நாப்போலிதானாம்! பவுலினா கை தட்டிச் சிரிக்கிறாள். அந்தோனியார் சுரூபம் எனக்கு நேரே நிற்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டாளா? அவர்களை அம்மாவிடமும் கூட்டிப் போய்விட்டாள். அம்மா அந்தப் பெண்ணின் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தலைமாட்டில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். கட்டாக் கருவாடு. படுக்கையில் விழுவதற்கு முன்னம் தன் கையால் உப்புப் போட்டுக் காயவைத்தது. "என்ர பிள்ளைக்குக் குடுங்கோ. அங்க இது கிடையாது. அம்மா இன்னும் இருக்கிறா எண்டு சொல்லுங்கோ." அந்தப் பெண் அழுதுவிட்டாள். என்ன விளங்கியதோ தெரியாது.

நான் ஓடிப்போய்ச் சந்தியில் அவர்களை மறித்து, கையைக் காட்டிக் காட்டி அதைத் திருப்பி வாங்கினேன். இப்போது கோவில் சங்கிறிஸ்து அறைக்குள், பீடத் துணி அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. எறிய மனமில்லை. துணியெல்லாம் கருவாட்டு மணம்.

மார்த்தா

07.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சிரிக்காதே என்றீர்கள், நாப்போலி வரைக்கும் சிரித்தேன். பிறகு முடியவில்லை. பக்கத்தில் படுக்கிறவர் என்ன என்று கேட்டார். அம்மா கருவாடு கட்டித் தந்திருக்கிறார் என்றேன். "கொடுத்துவைத்தவன்" என்றார்.

அம்மா இன்னும் இருக்கிறா என்று ஏன் சொன்னார்? உடம்பு வருத்தம் கூடிவிட்டதா? மறைக்காமல் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இதற்காவது பதில் வேண்டும். அம்மாவுக்கு ஏதும் ஆனால் அன்றைக்கே இங்கே அறிவியுங்கள். கிராம அலுவலரின் கடிதம் இருந்தால் இரண்டு காவலரோடு சாவீட்டுக்கு விடுவார்கள் என்று இங்குள்ள பெரிய ஐயாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கையில் விலங்கு இருக்கும். ஊர் பார்க்கும். பார்க்கட்டும், அக்கா. நான் அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு வர வேண்டும்.

அலோசி

ஆலங்குடா
11.08.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குச் சுகம்.

அம்மாவுக்கு இப்போது வலி ஒன்றும் இல்லை. மருந்தும் தேவைப்படவில்லை. நன்றாக நித்திரை. ரோமாபுரிச் செபமாலையைக் கையில் பிடித்திருக்கிறார். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

இந்தக் கிழமை கோவிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். வேலை கூட. வேறென்ன எழுத. செபி.

அக்கா

01.09.2024

அக்கா,

போன சனிக்கிழமை ஹஸன் நானா வந்தார். கடையைப் பூட்டிவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து இருந்தார். பிறகு, "தம்பி, ஒங்கட உம்மா மவுத்து. மூணாந் தேதி. மார்த்தா சொல்ல வேணாம் எண்டவ. எனக்கு ஏலல்ல" என்றார்.

அம்மா இறந்தது மூன்றாம் தேதி. நீங்கள் எழுதியது பதினொன்றாம் தேதி. நன்றாக நித்திரை என்று எழுதினீர்கள்.

விலங்கோடு நான் வருவதை ஊர் பார்த்துவிடும் என்றுதானே?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அலோசியஸ்

ஆலங்குடா
06.10.2024

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

பின்னாலிருந்து மூன்றாவது வாங்கு. பெண்கள் பக்கம். ஒரு கால் கட்டை, இருந்தால் ஆடும். இருபத்திரண்டு வருடமாகக் கோவில் கதவுத் திறப்பு என் கையில் இருக்கிறது. அந்த வாங்கை எத்தனையோ தரம் துடைத்திருக்கிறேன். அது ஆடும் என்பது போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரியும். நான் அதில் இருந்ததே இல்லை. எதிலும் இருந்ததில்லை. பூசை நேரத்தில் சங்கிறிஸ்து வாசலில் நிற்பேன், மெழுகுதிரி பார்ப்பேன், பிள்ளைகளை அதட்டுவேன். இருந்தால் ஆண்டவர் ஏதும் கேட்டுவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

அம்மாவின் அடக்கத்தைச் சொல்கிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ இத்தாலியில் இருந்து பார்க்க என்று பவுலினாவின் மகன் கைபேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்தான். பெட்டியை மூடுவதற்கு முன்னம் அம்மாவின் முகத்தைக் கமராப் பக்கம் திருப்பினார்கள். பவுலினா அதைப் பார்த்துக் கத்துகிறாள், "அலோசி, அம்மாவக் கடைசியாப் பாரு மகன்!" ஒவ்வொருவராக வந்து அந்தக் கைபேசிக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் அதைப் பார்த்து அழுதேன். அதற்குள் நீ இல்லை என்பது அங்கே எனக்கும் ரிஃப்காவுக்கும் ஹஸன் நானாவுக்கும் மட்டும்தான் தெரியும். ரிஃப்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஒருவரும் இல்லாத நேரம், அந்த வாங்கில் இருந்தேன். வழக்கம்போலத் தொடங்கினேன்: "ஆண்டவரே, இத்தாலியில் இருக்கும் என் தம்பி அலோசியசுக்காக..."

அங்கே நின்றுவிட்டது. யார் கேட்க இத்தாலி என்றேன்? கோவிலில் ஒரு காக்கை கூட இல்லை. தம்பி, ஒரு வருடமாக நான் அவரிடமும் இத்தாலி என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பதின்மூன்று செவ்வாயும் இத்தாலிக்குத்தான் போனது. இதுவரை பிடித்த வெள்ளிகளும் இத்தாலிக்குத்தான் போனது.

பிறகு உன் சரியான விலாசத்தைச் சொன்னேன். சிறைச்சாலை, உன் இலக்கம், எல்லாம். அவருக்குத் தெரியாதது இல்லை. நான் சொல்லி அவர் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு மேல் செபம் என்று ஒன்றும் வரவில்லை. "நான் பயந்துபோனன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மாவுக்காக நான் அழுததும் அன்றைக்குத்தான்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. கேட்கிறேன்.

மார்த்தா

ஆலங்குடா
04.11.2024

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அது சரிதான்.

முந்தநாள் இறந்தோர் நினைவு. சேமக்காலையில் எல்லாக் கல்லறையிலும் மெழுகுதிரி. ஒவ்வொரு வீட்டின் மன்றாட்டையும் மூப்பர் ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டு வந்தார். என் கடதாசியை விரித்துப் பார்த்தார், வாசிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் தந்தார். "நீங்களே வாசியுங்கோ பிள்ள. என்னால ஏலாது."

வாசித்தேன். "என் தாய்க்காகவும், அடக்கத்துக்கு நான் வரவிடாத, சிறையில் இருக்கும் என் தம்பி அலோசியசுக்காகவும், அவனால் இறந்துபோன ஜயதிலக்க என்பவருக்காகவும் மன்றாடுவோம். அவன் இத்தாலிக்குப் போகவில்லை. அது நான் சொன்ன பொய்." மன்றாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்லும் மறுமொழி வரவில்லை. மூப்பர் ஒருவர்தான் சொன்னார்.

பவுலினா பிறகு வீட்டுக்கு வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். "என்ர பிள்ளைட வேலை போனதே மார்த்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஏசியிருக்கலாம்.

கோவில் திறப்பைச் சுவாமியிடம் நானே கொடுத்துவிட்டேன். இப்போது பீடத் துணியை வேறு ஆட்கள் தோய்க்கிறார்கள், கஞ்சி காணாது. நான் மூன்றாவது வாங்கில் இருக்கிறேன். என் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. சில நாள் ஆண்டவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. இருந்துவிட்டு வருவேன்.

ரிஃப்கா சொன்னாள், "மார்த்தாக்கா, இனிக் கடிதத்த ஒங்கட ஊட்டு விலாசத்துக்கே போடச் சொல்லுங்கோ." நீ போட்டால் அப்படிப் போடு.

சனிக்கிழமை ஒன்றில் வரவா?

மார்த்தா

24.11.2024

அக்கா,

இதை வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம். எழுதினால் அது இன்னொரு இத்தாலி. அம்மாவின் காலைத் தொட விடவில்லை நீங்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்களுக்குப் பெரிய பாடம் சொன்னவன் நான். ஹஸன் நானா வந்துபோன பிறகு இரண்டு மாதம் ஆண்டவரோடு நானும் ஒரு சொல் கதைக்கவில்லை. ஜயதிலக்கவின் பெயரையும் சொல்லவில்லை. பிறகு ஒரு விடியல் எழும்பி, "என்னால அக்காவ மன்னிக்க ஏலாது" என்று சொன்னேன். அதற்கும் அவர் என்னைப் போ என்று சொல்லவில்லை. அதைத்தான் இப்போது ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சேமக்காலையில் ஜயதிலக்கவின் பெயரைச் சொன்னீர்கள். அதை மூன்று தரம் வாசித்தேன்.

வாருங்கள். டிசம்பர் ஏழு சனிக்கிழமை. ஹஸன் நானா பஸ் சொல்லித் தருவார். கம்பிக்கு அந்தப் பக்கம் இருங்கள். நான் கதைக்காமல் இருந்தால் எழும்பிப் போய்விடாதீர்கள்.

உத்தரியம் வேண்டாம், செபமாலை வேண்டாம். துணி அலுமாரியில் இருக்கும் கருவாட்டை மட்டும் கொண்டு வாருங்கள். வாசலில் அவிழ்த்து, வெட்டிப் பார்ப்பார்கள். உள்ளே விடுவார்களோ தெரியாது. யார் தந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இத்தாலிக்கு என்று அம்மா கட்டியது. இந்த வாசல் மட்டுமாவது அது வந்து சேரட்டும்.

தம்பி,
அலோசி